எண்ணும் ஒரு சுவடிதான்

(கும்பகோணத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம். மேடையில் சொன்ன கிளைக்கதைகள் சில நீக்கப்பட்டுள்ளன.)



காலநிலை மாற்றம் பற்றி வரும் தகவல்களில் எதை நம்புவது என்ற பொருளில் பேச வேண்டும் என்று அமைப்பாளர்கள் கேட்டபோது, வீடு மாறி வந்துவிட்டார்களோ என்று நினைத்தேன். நான் வானிலை படித்தவன் அல்லன். ஏட்டுச் சுவடிகளை ஒப்பிட்டுப் பாடம் கண்டு பதிப்பிப்பது என் தொழில். அதைச் சொல்லி மறுத்தேன். "அதனால்தான் உங்களைக் கேட்கிறோம்" என்றார்கள். அந்தப் பதிலுக்கு என்ன பொருள் என்று யோசித்துப் பார்த்ததன் விளைவே இந்தப் பேச்சு.

இந்த ஊர் அரசுக் கல்லூரியில் 1880இல் தமிழாசிரியராக வந்து சேர்ந்தார் உ.வே.சாமிநாதையர். அதே ஆண்டு இங்கே முன்சீபாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியார் ஐயரின் கவனத்தைச் சீவக சிந்தாமணியின் பக்கம் திருப்பினார். 1887இல் அந்த நூல் அச்சாகி வந்தது. இடைப்பட்ட ஏழு ஆண்டுகளில் ஐயர் செய்த வேலையை நினைத்துப் பாருங்கள். கையில் ஒரு சுவடி கிடைத்ததும் அதை அப்படியே நம்பிவிடவில்லை. பிழை மலிந்திருக்கிறதே என்று தூக்கி எறியவும் இல்லை. இது எந்த ஊர்ச் சுவடி, எதைப் பார்த்து எழுதியது, எழுதியவர் பொருள் தெரிந்து எழுதினாரா, வேறு ஊர்ப் படியில் இதே இடம் எப்படி இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே போனார்.

என் கருத்தை முதலிலேயே வைத்துவிடுகிறேன். காலநிலை பற்றி நமக்கு வரும் ஒவ்வோர் எண்ணும் ஒரு சுவடிதான். அதைச் சொன்னவரின் பெருமையைப் பார்ப்பதைவிட, அளந்த இடத்திலிருந்து நம் கைவரை அது வந்த வழியைப் பார்ப்பதே நம்பகத்தைத் தீர்மானிக்கும் முறை. இதை ஆறு குறிப்புகளாக விரிக்கிறேன்.

1. அளந்ததா, கணக்கிட்டதா, கணித்ததா?

ஆனி, ஆடியில் இந்தப் பக்கத்து வீடுகளில் நாளிதழ் வந்ததும் முதலில் பார்ப்பது மேட்டூர் அணை நிலவரம். நீர்மட்டம் இத்தனை அடி, நீர்வரத்து இத்தனை கன அடி, இருப்பு இத்தனை டி.எம்.சி. மூன்றும் ஒரே அளவு எழுத்தில் அச்சாகின்றன. ஆனால் மூன்றும் ஒரே வகை எண்கள் அல்ல.

நீர்மட்டம் என்பது அளவுகோலைப் பார்த்துப் படித்தது. இருப்பு என்பது, இந்த மட்டத்துக்கு இவ்வளவு தண்ணீர் என்று போட்டு வைத்திருக்கும் அட்டவணையிலிருந்து எடுத்தது. அணை 1934இல் கட்டி முடிந்தது. 120 அடி நிறைந்தால் 93.47 டி.எம்.சி. என்று அன்று சொன்னதுதான் இன்றும் அச்சாகிறது. தொண்ணூறு ஆண்டு வண்டல் அடியில் உட்கார்ந்திருக்கிறது. அட்டவணை பழையதாக இருந்தால், மட்டம் துல்லியமாக இருக்கும்போதே இருப்பு தவறிப்போகலாம். நீர்வரத்தோ பெரும்பாலும் மட்டம் ஏறியதையும் வெளியே விட்டதையும் வைத்துப் பின்னோக்கிப் போடும் கணக்கு. "பத்து நாளில் அணை நிரம்பும்" என்று பக்கத்திலேயே ஒரு வரி இருந்தால் அது கணிப்பு.

காலநிலைச் செய்திகளிலும் இந்த மூன்றும் கலந்தே வருகின்றன. ஒரு நிலையத்து வெப்பமானி காட்டியது அளந்தது. உலகத்தின் சராசரி வெப்பம் என்பது ஆயிரக்கணக்கான அளவீடுகளிலிருந்து கணக்கிட்டது. 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 செ.மீ. உயர்ந்தது என்று காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுக் குழுவான ஐ.பி.சி.சி. 2021இல் சொன்னதும் கணக்கிட்டதே. 2100இல் எவ்வளவு உயரும் என்பது கணிப்பு. நாம் எவ்வளவு கரியை எரிப்போம் என்பதைப் பொறுத்துப் பல விடைகள் கொண்ட கணிப்பு. அறிக்கையில் "இப்படிப் போனால் இவ்வளவு" என்று இருக்கும். தலைப்புச் செய்திக்கு வரும்போது "போனால்" உதிர்ந்துவிடும். கடலோர ஊர்ப் பெயர் ஒன்றும் "மூழ்கும்" என்ற வினைமுற்றும் மட்டும் மிஞ்சும்.

கணக்கிட்டது தாழ்ந்தது, அளந்தது உயர்ந்தது என்று நான் சொல்லவில்லை. ஒவ்வொன்றையும் கேட்க வேண்டிய கேள்வி வேறு. அளந்ததை, எந்தக் கருவி, எந்த இடம் என்று கேளுங்கள். கணக்கிட்டதை, எந்த முறை என்று கேளுங்கள். கணித்ததை, என்ன நிபந்தனை என்று கேளுங்கள்.

2. எங்கிருந்து எண்ணுகிறார்கள்?

2022 நவம்பர் 11 அன்று சீர்காழியில் ஒரே நாளில் 44 செ.மீ. மழை பதிவானது. 20 செ.மீ. தாண்டினாலே வானிலைத் துறை அதை அதிகனமழை என்று குறிக்கும். சம்பா வயல் கடலாக நின்றதை இங்கே பலர் பார்த்தீர்கள். "122 ஆண்டுகளில் இல்லாத மழை" என்று செய்தி வந்தது. அப்படியானால் 122 ஆண்டுகளுக்கு முன்பு இதைவிடப் பெரிய மழை பெய்திருக்கிறது என்று பொருள் கொண்டு, "இதெல்லாம் முன்பும் நடந்ததுதான்" என்று வாதாடியவர்களை நான் சந்தித்தேன்.

அந்த 122ஐ எண்ணிப் பாருங்கள். 1901இல் தொடங்கி 2022ஐயும் சேர்த்தால் 122. இந்திய வானிலை ஆய்வுத் துறை நாடு தழுவிய ஒப்பீடுகளை 1901இலிருந்து எண்ணுவது வழக்கம். ஆக, அந்த எண் ஒரு பழைய மழையைக் குறிக்கவில்லை, கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கத்தைக் குறிக்கிறது. அதற்கு முன் இதைவிடப் பெரிய மழை பெய்ததா என்பதற்கு அந்தப் புத்தகத்தில் விடை கிடையாது. சுவடியில் முதல் ஏடு சிதைந்திருந்தால், நூலே அங்கேதான் தொடங்குகிறது என்று எந்தப் பதிப்பாசிரியரும் சொல்ல மாட்டார்.

இன்னொன்று. 2024 இந்தியாவில் 1901க்குப் பின் மிக வெப்பமான ஆண்டு, சராசரியைவிட 0.65 டிகிரி அதிகம் என்றது நம் வானிலைத் துறை. அதே 2024இல் உலகம் 1.55 டிகிரி கூடுதலாகச் சூடேறியது என்றது உலக வானிலை அமைப்பு. ஒருவர் 0.65 என்கிறார், ஒருவர் 1.55 என்கிறார், யார் சொல்வது பொய் என்று கேட்டால் இருவரும் மெய். முன்னது இந்திய நிலப்பரப்பை 1991 முதல் 2020 வரையிலான சராசரியோடு ஒப்பிட்டது. அந்த முப்பதாண்டிலேயே சூடு ஏறிவிட்டது. பின்னது கடலும் நிலமும் சேர்ந்த உலகத்தை 1850 முதல் 1900 வரையிலான சராசரியோடு ஒப்பிட்டது. ஒருவர் ஒரு சுவரைத் திண்ணையிலிருந்தும், இன்னொருவர் வேறொரு சுவரைத் தெருவிலிருந்தும் அளந்திருக்கிறார்கள்.

"இயல்பு" என்ற சொல்லும் இடம் மாறக்கூடியது. தென்மேற்குப் பருவமழையின் நீண்டகாலச் சராசரி, 1961–2010 கணக்கில் நாட்டுக்கு 88 செ.மீ. 2022இல் அடிப்படையை 1971–2020 என்று மாற்றியதும் 87 செ.மீ. ஆனது. இது மோசடி அன்று. குறித்த காலத்துக்கு ஒருமுறை செய்யும் முறையான திருத்தம். ஆனால் "இயல்பைவிட இத்தனை விழுக்காடு" என்று படிக்கும்போது எந்த இயல்பு என்று கேட்கத் தெரிய வேண்டும். ஒரு மாவட்டத்தின் மழை சராசரிக்கு 19 விழுக்காடு கூடினாலும் குறைந்தாலும் வானிலைத் துறையின் பட்டியலில் அது இயல்புதான். பருவத்தின் மழை முழுவதும் ஒரே வாரத்தில் கொட்டி நாற்றை அழுக வைத்தாலும், கூட்டுத்தொகை பொருந்தினால் அது இயல்பான ஆண்டு. அதைக் கேட்டு உழவர் சிரித்தால் அவர் அறிவியலை எதிர்ப்பவர் என்று பொருளில்லை. அவர் வேறொரு கேள்வி கேட்கிறார்: எவ்வளவு என்று அறிக்கை சொல்கிறது, எப்போது என்று அவர் கேட்கிறார்.

3. நூறு சுவடியா, ஒரு சுவடியின் நூறு படியா?

பத்துச் சுவடிகளில் ஒரே பாடம் இருந்தால் அது வலுவான பாடம் என்று தோன்றும். ஒன்பதும் பத்தாவதைப் பார்த்து எழுதியவை என்று தெரிந்தால், பத்தும் சேர்ந்து ஒரே சாட்சி. என் துறையில் முதல் பாடம் இது.

இமயமலைப் பனியாறுகள் 2035க்குள் மறைந்துவிடக்கூடும் என்ற செய்தி ஒரு காலத்தில் எங்கும் இருந்தது. நாளிதழ்கள் ஐ.பி.சி.சி.யின் 2007ஆம் ஆண்டு அறிக்கையைக் காட்டின. அந்த அறிக்கை ஒரு தொண்டு நிறுவனத்தின் வெளியீட்டைக் காட்டியது. அந்த வெளியீடு 1999இல் ஓர் ஆங்கில அறிவியல் வார இதழில் வந்த செய்தியைக் காட்டியது. அந்தச் செய்தியோ ஓர் ஆய்வாளர் பேச்சில் சொன்னதாக இருந்தது. அளவீடு என்று அடியில் ஒன்றும் இல்லை. 1996இல் வந்த வேறோர் அறிக்கையில் 2350 என்று இருந்த ஆண்டு 2035 ஆக மாறிப்போனது என்ற விளக்கமும் உண்டு. ஏடெழுதுவோர் பிழையை அறிந்தவர்களுக்கு இது புதிதாக இராது. 2010 ஜனவரியில் ஐ.பி.சி.சி. தவற்றை ஒப்புக்கொண்டது. பனியாறுகள் உருகுகின்றன என்பது அதனால் பொய்யாகவில்லை. அந்த ஆண்டு மட்டும் பொய்.

அப்படியானால் உண்மையில் வேறு வேறு ஊர்ச் சுவடிகள் இந்தத் துறையில் உண்டா? உண்டு. 2024க்கான 1.55 டிகிரி என்பது ஆறு தனித்தனிக் கணக்குகளைச் சேர்த்துப் பார்த்தது. அமெரிக்கா, பிரிட்டன், ஐரோப்பா, ஜப்பான் என்று கணக்கிட்டவர்கள் வேறு, முறை வேறு. நேர்மையாகச் சொன்னால் அவற்றின் வெப்பமானிகளில் பல பொதுவானவை. எனவே ஆறு சாட்சிகள் என்று முழுமையாக எண்ணக் கூடாது. ஆனால் துறைமுகத்துக் கடல்மட்டக் கோல், செயற்கைக்கோள், ஆழ்கடலில் இறக்கும் வெப்பமானி, பின்வாங்கும் பனியாறு ஆகியவை ஒன்றைப் பார்த்து இன்னொன்று எழுதியவை அல்ல. அவை ஒரே திசையைக் காட்டும்போது அந்தப் பாடம் உறுதிப்படுகிறது.

உங்கள் கைப்பேசிக்கு ஒரே செய்தி பதினைந்து குழுக்களிலிருந்து வந்தால் அது பதினைந்து சுவடி அன்று. மூலப்படி எது என்று கேளுங்கள். அதைக் காட்ட முடியாவிட்டால் ஒரு சாட்சிகூட இல்லை.

4. பிழைதிருத்தம் உள்ள நூல்

2024 மே 29 அன்று தில்லியின் முங்கேஷ்பூர் தானியங்கி நிலையம் 52.9 டிகிரி காட்டியது. இந்தியாவில் அதுவரை கேள்விப்படாத வெப்பம். உலகம் முழுவதும் அன்றே செய்தி ஆனது. தில்லியின் மற்ற நிலையங்கள் எதுவும் அந்த அளவுக்கு அருகில் இல்லை என்பதே முதல் ஐயம். வானிலைத் துறை ஆள் அனுப்பி, சோதித்த கருவியோடு ஒப்பிட்டுப் பார்த்தது. அந்த உணர்கருவி சுமார் 3 டிகிரி கூட்டிக் காட்டியிருந்தது. அதைத் துறையே வெளியிட்டது.

"பார்த்தீர்களா, அரசுக் கணக்கே தப்பு" என்று இதிலிருந்து முடிவு கட்டலாம். நான் நேர்மாறாகப் படிக்கிறேன். தன் எண்ணைத் தானே சோதித்து, தவறு என்று ஊரறியச் சொன்ன மூலத்தின் மீது எனக்கு நம்பிக்கை கூடுகிறது. ஐயர் சிந்தாமணியின் இரண்டாம் பதிப்பை 1907இல் திருத்தங்களோடு வெளியிட்டார். இருபது ஆண்டுக்கு முன் தம் பெயரில் வந்த நூலைத் தாமே திருத்தினார். அதனால் அவருடைய மதிப்பு குறைந்ததா?

ஒரு மூலத்தை எடைபோட, அது எத்தனை முறை சரியாகச் சொன்னது என்று தேடுவதைவிட, தவறியபோது என்ன செய்தது என்று தேடுவது எளிது, பயனும் அதிகம். பிழைதிருத்தப் பக்கமே இல்லாத பதிப்பைக் கண்டால் பதிப்பாசிரியர்களுக்கு மகிழ்ச்சி வராது, சந்தேகம்தான் வரும்.

5. அளந்தவருக்கு இதில் என்ன பங்கு?

காவிரி வழக்கை அறியாதவர் இந்த அவையில் இல்லை. 1991இல் நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணை 205 டி.எம்.சி.; 2007 இறுதித் தீர்ப்பில் 192; 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் 177.25. கர்நாடகம் தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு எவ்வளவு தர வேண்டும் என்பதில் இவ்வளவு சண்டை. ஆனால் எவ்வளவு வந்தது என்று பார்க்க இருமாநில எல்லையில் பிலிகுண்டுலுவில் அளவை நிலையம் இருக்கிறது. அங்கே அளப்பது மத்திய நீர்வள ஆணையம். கொடுப்பவரும் அளக்கவில்லை, வாங்குபவரும் அளக்கவில்லை. களத்துமேட்டில் பங்கு பிரிக்கும்போது மரக்கால் யார் கையில் இருக்க வேண்டும் என்று நம் முன்னோர் யோசித்ததும் இதுதானே.

காலநிலையில் பங்கு உள்ளவர்கள் இரு பக்கமும் இருக்கிறார்கள். எக்ஸான் எண்ணெய் நிறுவனத்தின் சொந்த விஞ்ஞானிகள் 1970களின் இறுதியிலிருந்தே புவி சூடேறும் என்று கணித்திருந்தார்கள். நிறுவனமோ அதன் பிறகும் நெடுங்காலம் பொதுவெளியில் அந்த அறிவியலின் மேல் ஐயத்தைக் கிளப்பிக்கொண்டிருந்தது. மறுபக்கம், அச்சத்தை விற்பவர்களும் உண்டு. "காலநிலையைத் தாங்கும்" என்று அட்டையில் அச்சிட்டு எதையும் விற்கலாம் என்ற நிலை இன்று வந்துவிட்டது.

பங்கு உள்ளவர் சொன்னாலே பொய் என்று தள்ளிவிடக் கூடாது. நீதிமன்றம் அறிந்த ஒரு முறை உண்டு: தன் பக்கத்துக்கு எதிராக ஒருவர் சொல்லும் சாட்சிக்கு எடை அதிகம். ரிச்சர்டு முல்லர் என்ற அமெரிக்க இயற்பியலாளர், வெப்பநிலைக் கணக்குகளின் மேல் ஐயம் கொண்டு, தாமே ஒரு குழு அமைத்து முதலிலிருந்து கணக்கிட்டார். அதற்குப் பணம் கொடுத்தவர்களில், எண்ணெய்த் தொழிலில் பெரும்பணம் ஈட்டிய கோக் குடும்பத்தின் அறக்கட்டளையும் ஒன்று. 2012இல் அவர் வெளிப்படையாக எழுதினார்: சூடேற்றம் உண்மை, அதற்குக் காரணம் ஏறக்குறைய முழுவதும் மனிதரே. எதிர்க்கட்சிக்காரர் வீட்டுப் பரணிலிருந்து எடுத்த ஏட்டிலும் அதே பாடம் இருந்தது. அவருடைய பெர்க்லி எர்த் கணக்கு, நான் சொன்ன ஆறில் ஒன்று.

6. நினைவும் ஒரு சாட்சி

வயலிலிருந்து நேரே வந்து பின்வரிசையில் இருக்கும் பெரியவர்களே, இதுவரை பொறுமையாகக் கேட்டீர்கள். "அறுபது வருஷமாக மண்ணில் நிற்கிறேன், எனக்குத் தெரியாததா" என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். தெரியும். எதைத் தெரியும் என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

என் தந்தையார் திருவிடைமருதூர் பக்கம் சிறிது நிலம் வைத்திருந்தார். பஞ்சாங்கத்தின் ஓரத்தில் பென்சிலால் குறிப்பு எழுதுவார். "வாய்க்காலில் தண்ணீர் வந்தது", "நாற்று விட்டது", "ஓர் உழவு மழை". அவர் மறைந்த பின் அவற்றை ஒரு சுவடிக்குரிய மரியாதையோடு படித்தேன். தண்ணீர் வந்த நாள், நடவு நாள் எல்லாம் தெளிவாக இருந்தன, அன்றன்று எழுதியவை. ஆனால் "இந்த மாதிரி மழை என் ஆயுளில் கண்டதில்லை" என்று மூன்று வெவ்வேறு ஆண்டுகளில் எழுதியிருந்தார். அவர் பொய் சொல்லவில்லை. நாளை நினைவு காப்பாற்றும். அளவை ஊதிப் பெரிதாக்கும்.

அதே பஞ்சாங்கத்தின் முன்பக்கத்தில், அந்த ஆண்டுக்கு இத்தனை மரக்கால் மழை, அதில் கடலுக்கு இத்தனை பங்கு, மலைக்கு இத்தனை, நாட்டுக்கு இத்தனை என்று அச்சிட்டிருக்கும். ஆண்டு முடிவில் அது பலித்ததா என்று அடுத்த ஆண்டுப் பஞ்சாங்கம் ஒருநாளும் எழுதியதில்லை. முன்பக்கத்து அச்சைவிட ஓரத்துப் பென்சிலை நான் நம்புகிறேன். ஒன்று சரிபார்க்க இடம் தருகிறது, மற்றது தரவில்லை.

ஆகவே உழவர் நினைவைக் கதை என்று தள்ளுவதும், அதுவே போதும் என்று கருவியைத் தள்ளுவதும் ஒரே பிழையின் இரு முகங்கள். எப்போது பெய்தது, எது பூத்தது, எந்த வாய்க்கால் எந்த மாதம் வறண்டது என்பதற்கு உங்களைவிட நல்ல சாட்சி இல்லை. எத்தனை மில்லிமீட்டர் என்பதற்கு மழைமானிதான் சாட்சி.

முடிவாக

இந்த ஆறு கேள்விகளையும் கேட்டுவிட்டு நம் காவிரி டெல்டாவைப் பார்த்தால் என்ன தெரிகிறது? எல்லாப் பாடமும் ஒரே உறுதியில் இல்லை. உலகம் சூடேறுகிறது, கடல் உயர்கிறது என்பவை பல ஊர்ச் சுவடிகள் ஒத்துச் சொல்லும் பாடங்கள். அவற்றை இனி ஐயப்பட இடமில்லை. நம் வடகிழக்குப் பருவமழை அப்படி எளிதில் படிக்கக்கூடிய ஏடு அன்று. சென்னை மூழ்கிய 2015க்கு அடுத்த ஆண்டே தமிழ்நாட்டில் அந்தப் பருவத்தின் மழை இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்தது. இப்படித் துள்ளும் மழையில், ஒரு வெள்ளத்தையோ ஒரு வறட்சியையோ காட்டி "இதோ காலநிலை மாற்றம்" என்பதும், "எங்கே மாற்றம்?" என்பதும் ஒற்றை ஏட்டை வைத்துக் காப்பியத்துக்குப் பதவுரை எழுதுவது போல.

வாய்க்காலில் தண்ணீர் வரும் நாளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். மேட்டூர் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. 2022இல் மே 24இலேயே திறந்தார்கள். 2024இல் ஜூலை 28 வரை காத்திருந்தோம். அதில் மழைக்கும் பங்கு உண்டு, கர்நாடகத்து அணைகளுக்கும் நீதிமன்றத்துக்கும் பங்கு உண்டு. அத்தனையையும் வானத்தின் தலையில் கட்டினால் கணக்கு தப்பிவிடும்.

ஐயர் எல்லாச் சுவடியையும் ஐயப்பட்டார். அதனால்தான் நமக்கு ஒரு சிந்தாமணி கிடைத்தது. எல்லாச் சுவடியையும் அவநம்பிக்கையோடு பார்த்திருந்தால் ஒன்றும் கிடைத்திராது. பாடம் உறுதியாகாத இடத்தில் வேறு பாடத்தை அடிக்குறிப்பில் கொடுத்துவிட்டு அவர் மேலே போனார். நூலை நிறுத்தி வைக்கவில்லை.

மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். கும்பகோணம், பாபநாசம், அணைக்கரை, மஞ்சளாறு என்று மழைக்காலத்தில் நாளிதழில் ஊர்வாரியாக மழையளவு வரும். அதில் ஒரு மழைமானி எங்கே இருக்கிறது என்று விசாரித்துக்கொண்டு, மழை பெய்த மறுநாள் காலை எட்டரை மணிக்குப் போய் நில்லுங்கள். நாடு முழுவதும் மழையை அளக்கும் நேரம் அது. பக்கத்து மதிலின் உயரத்தைப் போல இரண்டு மடங்காவது தள்ளி அது இருக்கிறதா, மேலே மரக்கிளை கவிந்திருக்கிறதா என்று பாருங்கள். அளப்பவர் கண்ணாடிக் குவளையில் ஊற்றி, கண்மட்டத்துக்குத் தூக்கிப் பார்த்து, ஓர் எண்ணை எழுதுவார். மறுநாள் நாளிதழை எடுத்து அதே எண்தானா என்று சரிபாருங்கள். என் தொழிலில் அதற்குப் பெயர் மூலத்தோடு ஒப்பிடுதல். அதற்கு மேல் கற்றுக்கொடுக்க என்னிடம் எதுவும் இல்லை.